பிட்ஸ்பர்க்கில் ஒரு மாதம்

அமெரிக்காவில் கார்டியாலஜி மேற்படிப்புக்கு சீட் வேண்டுமென்றால், ஆசைப்பட்ட ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு மாதம் மாடாய் உழைத்து, முகத்தைப் பதிய வைத்துவிட்டு வர வேண்டும். டொலீடோவில் பயிற்சி மருத்துவராக இருந்த டெஸ்ஸாவுக்கு அதற்கு விடுப்பே கிடைக்கவில்லை. அவள் ஆசைப்பட்ட பிட்ஸ்பர்க் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

வீடியோ நேர்காணலில் அவளைப் பார்த்ததுமே துறைத் தலைவர் ஹோபர்ட்டின் முகம் மலர்ந்தது.

"வாம்மா டெஸ்ஸா, வா! மார்ச்ல நீ இங்க வந்து வேலை பாத்தியே, நர்ஸுங்க இன்னும் அதையே பேசறாங்க. தூங்கவே மாட்டியாமே?"

வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்று டெஸ்ஸாவுக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் விழும் சீட்டை யார் தட்டிவிடுவார்கள்?

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றாள்.

டிசம்பரில் சீட் கிடைத்தது. ஜூலையில் வேலையில் சேர வந்தவளை டோரீன் என்ற வயதான நர்ஸ் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா டாக்டர்! உங்க லாக்கரை ஒருத்தரையும் தொட விடல நான்."

உடை மாற்றும் அறையில் ஒரு லாக்கரின் மேல் டெஸ்ஸாவின் பெயர் இருந்தது. உள்ளே ஒரு ஜோடி காலணி. அவளுடையவை எப்போதும் தேய்வதைப் போலவே இடது குதிகால் ஓரம் தேய்ந்திருந்தது. காலை நுழைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே இன்னும் சூடு இருந்தது.

அப்போது வெளியே வராந்தாவில் ஹோபர்ட்டின் குரல் கேட்டது.

"வாம்மா டெஸ்ஸா, வா!"

"ரொம்ப நன்றி டாக்டர்," என்று வராந்தாவிலிருந்தே அவளுடைய குரல் பதில் சொன்னது.