பொம்பளைச் சீக்கு

அவன் வேட்டியைக் கட்டி முடிப்பதற்குள் டாக்டர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு மேஜைமேல் இருந்தது. டாக்டரின் பேனா எண்களின்மேல் மெல்ல இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது.

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

உட்காரச் சொல்லாமல் இல்லை. உட்கார்ந்தால் உராய்ந்து எரியும்.

நான்கு மாதமாக எரிகிறது.

ராய்ப்பூர்ப் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை. நாள் முழுக்க வெயிலில் நின்று பூமியைத் துளைக்கிற பிழைப்பு. முதலில் சூடு என்றுதான் நினைத்தான். சூடு தணிய, தினமும் இரண்டு சொம்பு கரும்புச் சாறு குடித்தான். அரிப்பு கூடியது. முன்தோல் வெடித்தது. வெள்ளையாகப் படிந்தது. சிறுநீர் கழிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டான்.

கூட வேலை செய்த டிரில்லர் ஒருநாள் பார்த்துவிட்டு, பொம்பளைச் சீக்கு என்றான். உடம்புக்குள் வருஷக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வரும் என்றான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிடப் போனான்.

அது பொம்பளைக்கு வருகிற சீக்கு இல்லையாம். பொம்பளையிடமிருந்து வருகிற சீக்காம். யார் வைத்த பெயரோ. நிச்சயம் ஓர் ஆம்பளைதான் வைத்திருப்பான்.

அவன் போயிருக்கிறான். ஒரே ஒரு தடவை. ஆறு வருஷத்துக்கு முன்னால், சம்பளம் வாங்கிய நாளில், கூட்டாளிகளோடு. அதன் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை.

ஆனால் அந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ தடவை லீவுக்குத் திருச்செங்கோடு வந்திருக்கிறான். மனைவி வளர்மதியோடு படுத்திருக்கிறான்.

அவளுக்கும் கொடுத்திருப்பேனோ.

தன் சீக்கைவிட அந்த நினைப்புத்தான் அவனைத் தின்றது.

முந்தாநாள் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் சொல்லிவிட்டான். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. நீயும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள் என்றான்.

வளர்மதி அழவில்லை. சண்டை போடவில்லை. அடுப்பை அணைத்தாள். எந்த வருஷம் என்று மட்டும் கேட்டாள். சொன்னான். அந்த வருஷம் என்ன நடந்தது என்று அவள் மனசுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. அந்த வருஷம்தான் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்.

அதோடு பேச்சு நின்றது. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. இன்றைக்குக் காலையில், அவன் கூப்பிடாமலேயே அவளும் கிளம்பி நின்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"பொம்பளைச் சீக்கெல்லாம் ஒன்னுமில்லீங்க. அந்த டெஸ்டெல்லாம் சுத்தமா இருக்குது. உங்களுக்குச் சக்கரை. முந்நூத்தி நாப்பது. ஒடம்புல மிஞ்சுன சக்கரை ஒன்னுக்குல எறங்குது. அதுல காளான் புடிச்சிருக்குது, ஈரத்துணியில புடிக்கற மாதிரி. களிம்பு தர்றேன். ஒரு வாரத்துல கேக்கும். சக்கரையக் கொறைக்கோணும். இல்லீன்னா திரும்பத் திரும்ப வரும்."

அவன் எரிச்சலைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான்.

சந்தோஷம் வந்தது. நிஜமாகவே வந்தது. கோயிலுக்கு ஓடிப்போய் விழ வேண்டும்போல் இருந்தது.

அப்புறம் முந்தாநாள் ஞாபகம் வந்தது.

"கூட யாரு வந்திருக்கறாங்க?"

"வீட்ல வந்திருக்குதுங்க."

டாக்டர் மணியடித்தார். வளர்மதி உள்ளே வந்தாள். நாற்காலி இருந்தும் நின்றாள்.

"பயப்படாதம்மா. உங்க வீட்டுக்காரர் மேல தப்பு ஒன்னுமில்ல. வெறும் சக்கரைதான்."

நல்ல மனிதர். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிக் கொடுத்த முகத்தோடு மருந்துச் சீட்டை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டாள். களிம்பு எத்தனை வேளை என்று கேட்டாள். சீட்டை நான்காக மடித்தாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டியவள், அங்கேயே நின்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சக்கரைன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா, அந்த விஷயத்த எங்கிட்டச் சொல்லியிருப்பீங்ளா?"

சொல்லியிருப்பேன் என்றால் போதும். ஒரு வார்த்தை. அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஆறு வருஷம் தடங்கலில்லாமல் வந்த பொய், அப்போது பார்த்து வரவில்லை.

அவள் மடித்த சீட்டைப் பிரித்தாள்.

பிறகு மருந்து வாங்கப் போனாள்.