சும்மா இருக்கும் வேலை

"சும்மா இருக்கறதுக்குக் காசு! உலகத்துல எவனாவது கேள்விப்பட்டிருக்கானா, தெலியா?"

உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டே கேட்டான் எவேலியோ. அவன் மனைவி தெலியா துணிப்பையில் காபி வடித்துக்கொண்டிருந்தாள். தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள்.

"சும்மா இருந்தவன் கையில கொப்புளம் எப்படிய்யா வந்துச்சு?"

"அது ரகசியம். இன்ஜினியரம்மா வரட்டும், காட்டறேன்."

மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கிறது நிலம். மாடு மேய்ந்து மேய்ந்து தேய்ந்த நிலம். மாடுகளை விற்று ரெண்டு வருடமாகிறது. அதில் கை வைக்காமல் மறுபடி காடாக வளர விட்டால் அரசாங்கம் வருடாவருடம் பணம் தரும். இன்று வனத்துறை இன்ஜினியரம்மா வந்து பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எவேலியோ இந்த அறுபது வயதில் அன்னாசித் தோட்டத்தில் கூலிக்குப் போய்க் குனிய வேண்டும்.

"யோவ், மரத்துல கை வெச்சியா?"

"மாதா சத்தியமா ஒரு மரத்தைத் தொடலை. கோடாலி புடிச்ச கைடி இது. வேலை செய்யாம வாங்கற காசு தொண்டையில இறங்குமா?"

வாசலில் ஜீப் வந்து நின்றது. ரப்பர் பூட்ஸோடு இறங்கினாள் இன்ஜினியர்.

"காட்டைப் பார்த்துடலாமா, எவேலியோ ஐயா?"

மூவரும் மேடேறினார்கள். உச்சியில் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படி இருக்கு?" எவேலியோ நெஞ்சை நிமிர்த்தினான். "பெரிய மரம் மூணும் பத்திரமா நிக்குது பாருங்க. நெஞ்சளவு மண்டிக் கிடந்த புதரைத்தான் வேரோட வெட்டித் தள்ளினேன். நிலத்தைப் பாம்புக்கு விட்டுட்டான் சோம்பேறின்னு ஊரே சிரிச்சுது. நீங்க வர்றப்ப அசிங்கமா கிடக்கலாமா?"

அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா... அந்தப் புதர்தான் காடு. அத்தனையும் தானா முளைச்ச மரக்கன்னு. அதுக்குத்தான் பணமே."

எவேலியோ மொட்டை நிலத்தைப் பார்த்தான். கொப்புளத்தைப் பார்த்தான்.

"தெலியா, வாழ்க்கையில ஒரே ஒரு வாட்டி சும்மா இருக்கற வேலை கிடைச்சுது. அதையும் உழைச்சே கெடுத்துட்டேன்டி!"