கட்டைவிரல்

முதலில் சுண்டுவிரல் வந்தது.

மருதாயி மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணை மறைத்த கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் சிவப்பு கசிந்தது. இடது பாதத்துக்கு நேரே வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்குகள். சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

அந்தக் கால் செத்துப் பல வருஷம் ஆகிறது. சர்க்கரை தின்றுவிட்டது. குதிகாலில் கிளிஞ்சல் ஏறியதுகூட அவளுக்குத் தெரியாது. வீடெல்லாம் ரத்தத் தடத்தைப் பார்த்து மகன் குணா போட்ட கூச்சலில்தான் குனிந்து பார்த்தாள்.

குணா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவன். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று, வந்த கப்பலைக் கவனிக்காமல் உட்கார்ந்து அழுதானாம்.

ஆறாத புண்ணுக்குக் கடைசியாக இதையும் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த வெளிச்சம்.

மோதிரவிரல் வந்தது. நடுவிரல் வந்தது.

கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒன்றன் பின் ஒன்றாக, சின்னச் சின்ன அழுத்தங்கள். ஆரம்பத்தில் சுண்டுவிரல் மட்டும்தான். அதை விளக்குப் போடுகிற பெண் சௌமியாவிடம் ஒருமுறை சொன்னாள். செத்த நரம்பு முழிக்கிறது, நல்லதுதான் என்று சிரித்தாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு மருதாயி யாரிடமும் சொல்லவில்லை. நரம்புக்கு நகம் இருக்குமா?

ஆள்காட்டி விரல்.

அது இன்றுதான் முதல் தடவை. காலை அசைக்காமல் காத்திருந்தாள். இன்னும் ஒன்றுதான். இன்னும் ஒன்று.

மிஷின் கீச்சிட்டது. சிவப்பு அணைந்தது. நான்கு விரல்களும் இல்லாமல் போயின.

சௌமியா பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூவினாள். "அரே வா! மூடப்போகுதும்மா! போன தடவையும் இந்த அளவுக்கு வந்துதான் திறந்துச்சு. செருப்பில்லாம நடந்தீங்கன்னா நானே வந்து அடிப்பேன். இன்னொரு தடவை திறந்தா டாக்டர் லைட்டைப் பத்திப் பேச மாட்டார், கத்தியத்தான் எடுப்பார். சனிக்கிழமை ஒரு லைட்டு, அப்புறம் கதம். முடிஞ்சுது."

"மூடிக்கிட்டா லைட்டு இல்லீங்களா?"

"எதுக்கு? ஆசையா இருந்தா வீட்டு வாசல்ல சீரியல் பல்பு போட்டுக்குங்க!"

மருதாயியும் சிரித்துவைத்தாள்.

சௌமியா கட்டுப் போட்டாள். அவளுடைய விரல்கள் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவை ஒன்றும் மருதாயிக்குத் தெரியவில்லை.

கட்சால் தீவில் அவளுக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. கரைக்கு வந்திருந்தாள், கார்த்திகாவைக் கூட்டிக்கொண்டு. கடல் எழுந்து வந்தபோது தென்னையைக் கட்டிப்பிடித்தது அவள். அவள் காலைக் கட்டிப்பிடித்தது மகள்.

தண்ணீர் திரும்பும்போதுதான் இழுத்தது. முதலில் பிள்ளையின் கட்டைவிரல் வழுக்கியது. அப்புறம் ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றும் போனது அவளுக்குத் தெரிந்தது. சுண்டுவிரல் மட்டும் வெகுநேரம் இருந்தது.

அவளுடைய இரண்டு கையும் மரத்தில் இருந்தன.

ஒரு கையை எடுத்திருக்கலாமே என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை. அப்போது கைப்பிள்ளையாகப் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குணாவும் கேட்டதில்லை.

போன வரிசைக்கு நேர்மாறாக இப்போது திரும்பி வருகின்றன.

மறுநாள் குணா முதல் கப்பலுக்குக் கிளம்பிப் போனான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, புதுச் செருப்பை அவள் கட்டிலுக்கு அடியில் நேராக வைத்துவிட்டுப் போனான்.

அவன் சைக்கிள் சத்தம் தேயும்வரை மருதாயி படுத்திருந்தாள். அப்புறம் எழுந்தாள்.

வெயில் இன்னும் ஏறவில்லை. பால் வெட்டுகிற நேரம்.

டிரங்குப் பெட்டிக்கு அடியில் துணிச் சுருளுக்குள் இருந்தது வளைந்த கத்தி. துருவே இல்லை. சௌமியா செய்வதைப் போலவே ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். கட்டைப் பிரித்தாள். ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தோல் கூடியிருந்தது, புதுப் பட்டை மாதிரி.

ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும். வெட்டாமல் விட்டால் பட்டை ஆறிப் பால் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், நூல் அளவு சீவ வேண்டும். அவள் கை அதை மறக்கவில்லை.

போன தடவையும் மறக்கவில்லை.

மரத்துக்கு வலிப்பதில்லை. இந்தக் காலுக்கும்.

"இன்னும் ஒரு விரல்தான் தாயி," என்றாள் காலைப் பார்த்து. "விட்றாத."