மாடிப்படிக்குக் கீழே ஓர் அடுப்பு

உப்பு ஜாடி மேலே இருந்தது.

அவள் அதை இப்போதுதான் கவனித்தாள். விசாரணைக்கு வந்திருந்த வி.ஏ.ஓ. அம்மாவும் இப்போதுதான் கவனித்தார்.

உப்பு, மிளகாய்த்தூள் டப்பா, சின்ன அரிசி வாளி, கவிழ்த்து வைத்த பால் பாத்திரம். எல்லாம் மாடிப்படிக்கு அடியில் அடித்த பலகையில் அழகாக வரிசையில் இருந்தன. நின்று கை நீட்டுகிறவர்களுக்கு எட்டும் உயரம்.

அவள் நின்றதே இல்லை. இரண்டு கால்களும் மூன்று வயதிலேயே போலியோவில் போனவை. தரையில் கை ஊன்றித்தான் நகர்வாள்.

விமலாவைக் குறை சொல்ல முடியாது. தம்பி பெண்டாட்டி. நேற்று மத்தியானம் பூராவும் வியர்க்க விறுவிறுக்க இந்த நாடகத்துக்கு மேடை போட்டவள் அவள்தான். சைக்கிளை வெளியே தள்ளி, ஒட்டடை அடித்து, மாமியாரின் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேடி எடுத்து வைத்தாள். தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, பாய் ஒன்று. குண்டான் புதுசாகத் தெரியக் கூடாதென்று அடியில் கரி கூடப் பூசினாள்.

அத்தனையும் யோசித்தவள், நின்றபடி யோசித்துவிட்டாள்.

யாரோ தாலுகா ஆபீசில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அம்மா செத்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள், தம்பி சம்பாதிக்கிறான், ஒரே உலையில் சாப்பிடுகிறாள், இவளுக்கு எதற்கு ஊனமுற்றோர் பணம் என்று. தனியாகப் பொங்கித் தின்கிறாள் என்று காட்டாவிட்டால் பணம் நின்றுவிடும்.

அந்தப் பணத்தில்தான் அவள் வீட்டுக்குப் பால் வாங்கினாள். விமலா காபி கொண்டுவந்து நீட்டும்போது வாங்கிக்கொள்ளக் கை கூசாது. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

"தனியாத்தான் சமைச்சுக்கறீங்களா?"

"ஆமாங்க."

காலையில் விமலா போட்ட இட்லி இன்னும் செரிக்கவில்லை. தேங்காய்ச் சட்னியோடு ஏப்பம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"உப்ப எப்படிம்மா எடுப்பீங்க?"

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குள் தம்பி குணசீலன் எட்டிப் பலகைக்குக் கையைக் கொண்டுபோய்விட்டான். அவனுக்கு அது பழக்கம். அக்கா எதைப் பார்த்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுவான். அவளுக்காகக் குளியலறையில் தரையோரமாகக் குழாய் வைத்தவன். அம்மாவின் காரியம் முடிந்த அன்றே அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிவந்தவன்.

வி.ஏ.ஓ. அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

மாட்டிக்கொண்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்கதான் தம்பியா? மாடிப்படிக்குக் கீழ தள்ளுனதுதான் தள்ளுனீங்க, உப்பக் கூடவா சார் எட்டாத எடத்துல வைப்பீங்க? கூடப் பொறந்தவங்கதானே?"

நம்பிவிட்டார். முழுசாக நம்பிவிட்டார். அவர் குரல் நடுங்கியது. நல்ல மனுஷி.

எதிர்வீட்டு வாசலில் இரண்டு தலைகள் முளைத்தன. காலிக் கேனோடு திரும்பிக்கொண்டிருந்த பால்காரம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

குணசீலன் அக்காவைப் பார்த்தான்.

என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லீங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் பணம் போய்விடும்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"தப்புதாங்க மேடம்," என்றான் அவன்.

தின்ற சோற்றுக்கு இப்படியா செய்வது என்று இருந்தது அவளுக்கு. வெட்கத்தில் உடம்பே சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

வி.ஏ.ஓ. அம்மா குனிந்து அவள் தோளைத் தொட்டார். பணம் நிற்காது, தானே எழுதிவிடுவதாகச் சொன்னார். அந்தக் கை எப்போது விலகும் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் குணசீலன் சுத்தியலோடு வந்தான். பலகையைப் பிடுங்கிக் கீழே இறக்கி அடித்தான்.

"வேணாம்டா. எல்லாத்தையும் எடுத்துடுவோம்."

"இருக்கட்டும்க்கா. திரும்பி வந்தாலும் வருவாங்க."

அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். ஆணி ஒன்று வளைந்துபோனது. அதையும் நிமிர்த்தி அடித்தான்.

ராத்திரி எப்போதும்போல உள்ளேதான் சாப்பிட்டார்கள். விமலா கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

காலையில் பால் வாங்க வழக்கம்போல அவள் வாசலுக்கு நகர்ந்து வந்தாள். தினமும் ஒரு லிட்டர், மொத்த வீட்டுக்கும். பால்காரம்மா இன்று வாசற்படிக்கு வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் கேனை இறக்கிவைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு அன்பாகக் கேட்டாள்.

"ஒனக்குத் தனியா எவ்ளோக்கா ஊத்தட்டும்?"

குழாயடியில் குணசீலன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்கிற சத்தம் நின்றது.

போட்டுக் கொடுத்தது யார் என்று இன்னும் தெரியாது. இந்தத் தெருவில் யாராகவும் இருக்கலாம். பால்காரம்மாவாகவும் இருக்கலாம்.

அவள் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தாள். பலகையில் இருந்த பால் பாத்திரத்துக்குக் கையை நீட்டினாள்.

எட்டியது.

"கால் லிட்டர் போதும்," என்றாள்.

குணசீலன் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வாய் கொப்பளித்தான்.