மவுஸ் ஆட்டும் மருமகன்

ஸ்ஃபாக்ஸ் துறைமுக ஊரில் ஓர் ஆண்பிள்ளையின் மானத்துக்கு விலை, நாளொன்றுக்கு நாற்பது தினார். ஷாதுலி ஹாஜியாரின் ஆலிவ் எண்ணெய் ஆலையில் அவருடைய மருமகன் ரம்ஸி அந்த விலைக்குத்தான் தினமும் வந்து உட்கார்ந்தான்.

வேலை, மவுஸை ஆட்டுவது. எடைமேடையில் லாரி ஏறி நிற்கும்போது ஆலைக் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும். அடுத்த லாரி வரும்வரை யாரும் தொடாமல் விட்டால் பொட்டென்று செத்துப்போகும். மறுபடி உயிர் வருவதற்குக் கால் மணி நேரம். அதற்குள் வாசலில் நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரனிலேயே கெட்ட வார்த்தை பேசிவிடுவார்கள்.

“இவர்தான் எங்க எலி டாக்டர்,” என்று வருகிறவர்களிடமெல்லாம் மருமகனை அறிமுகம் செய்வார் ஹாஜியார். “நாடி பிடிச்ச கையை எடுக்கவே மாட்டார்.”

அன்று காலை ரிப்பேர்காரன் ஹாதிம் வந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் ஹாஜியாரின் முகம் கடுத்தது.

“இவனை யாருடா கூப்பிட்டது?”

“நான்தான் மாமா,” என்றான் ரம்ஸி. “எலியை ஆட்டுறதுக்கு நாற்பது தினார் தண்டம்னு நீங்கதானே தினமும் சொல்றீங்க.”

“நான் சொல்றதைக் கேக்கறவனா நீ? கேட்டிருந்தா, நீ வேலை பாத்த துணி ஆலையை மூடுன அன்னைக்கே இங்க வந்திருப்பே.” ஹாதிம் பக்கம் திரும்பினார். “எவ்வளவு?”

“எண்பது, ஹாஜியார்.”

“எண்பதுக்கு ஒரு கிழட்டுக் கழுதை கிடைக்கும். ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கேன். நாற்பது.”

“நாற்பதுக்கு மூடியைத் திருப்பி மாட்டிட்டுப் போறேன்.”

“ரொம்ப நல்லது, மாட்டிட்டுப் போ.”

ரம்ஸி குறுக்கே வந்து கெஞ்சி, பேரம் அறுபதில் படிந்தது. பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் போல ஹாஜியார் நாற்காலியில் சாய்ந்தார்.

ஹாதிம் மெமரியைக் கழற்றித் துடைத்தான். விசிறியில் அப்பியிருந்த தூசியை ஊதினான். கனமான வேலையாகக் கொடுத்து மூச்சு வாங்க ஓடவிட்டான், கம்ப்யூட்டர் அசரவில்லை. பிறகு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். சற்று நேரத்தில் திரை இருண்டது.

“ஓடுறப்ப ஒரு குறையும் இல்ல ஹாஜியார். சும்மா இருந்தா கரண்டைக் குறைச்சுக்கிட்டுக் கண்ணசரப் பாக்குது. உள்ள இருக்கற பவர் சப்ளை பழசு. அவ்வளவு கொஞ்சமா அளந்து குடுக்க அதுக்கு வரல. அங்கதான் உயிர் போகுது.”

“நல்ல ஜோடி,” என்றார் ஹாஜியார். “சும்மா இருந்தா சாகுற மிஷின் ஒண்ணு. வேலை குடுத்தா சாகுற மருமகன் ஒண்ணு.”

ரம்ஸி குனிந்து, கழற்றிய மூடியின் திருகுகளைப் பொறுக்கினான்.

ஹாதிம் கம்ப்யூட்டரை எழுப்பி, இனி அது கண்ணசராதபடி ஒரு செட்டிங்கை மாற்றினான். “இப்ப யாரும் தொடாதீங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் பாப்போம்.”

“மறுபடி கெட்டுப்போகுமா?” என்றார் ஹாஜியார்.

“போகாது. நான் பொறுப்பு.”

ஹாஜியாருக்கு அந்தப் பதிலும் பிடித்த மாதிரி தெரியவில்லை.

பாதாம் மிதக்கும் டீ மூன்று கிளாஸ் வந்தது. ஆலைக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார் ஹாஜியார். ரம்ஸி மட்டும் தன் கிளாசுக்கு உண்டான சில்லறையை எடுத்துத் தட்டில் வைத்தான்.

“அரண்மனை வாரிசு,” என்றார் ஹாஜியார் ஹாதிமிடம். “மாமனார் டீயைக் குடிச்சா நாக்கு வெந்துடும்.”

கிளாஸ்கள் காலியாயின. திரை இன்னும் எரிந்துகொண்டே இருந்தது.

ரம்ஸி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “அப்ப இங்க இனிமே எனக்கு வேலை இல்ல மாமா. இத்தாலிக்குத் திருட்டுப் படகு விடறவன் இன்னும் ஆள் சேத்துக்கிட்டுத்தான் இருக்கான். போய்ப் பாக்கறேன்.”

“போ, போ. மீனுக்காவது பிரயோசனப்படுவே. உன் மக கேட்டா என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

ரம்ஸி வாசல் பக்கம் திரும்பினான். அப்போது பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு கேட்டது.

“தொழுதுட்டு வந்து சொல்றேன். நீங்க வரலையா?”

“முட்டி வலி. இங்கயே தொழுதுக்கறேன்.”

அவன் தெருமுனை திரும்பும்வரை ஹாஜியார் ஜன்னலில் நின்றார். பிறகு முட்டி வலியின் சுவடே இல்லாமல் விறுவிறுவென்று வந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். பேரம் படிந்த அறுபது தினாரை எண்ணி வைத்தார். அதன் பக்கத்தில் இன்னும் சில நோட்டுகளை வைத்தார்.

“இது எதுக்கு ஹாஜியார்?”

“எதையோ மாத்தினியே, அதைப் பழையபடி ஆக்கு.”

“கெடுக்கவா சொல்றீங்க?”

ஹாஜியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாதிம் தட்டில் கிடந்த சில்லறையைப் பார்த்தான். பிறகு இரண்டாவது பங்கை அவர் பக்கமே தள்ளினான். “ஒரு நிமிஷ வேலை. இதுக்குப் போய்க் காசு வேணாம் ஹாஜியார்.”

“குடுக்கற காசை வேணாங்கற கழுதை எனக்கு ஒண்ணு போதும். சரி பண்ண அறுபது, கெடுக்க எண்பது. அவன் தொழுதுட்டு வர்றதுக்குள்ள முடி.”