கடுகுக் கறை

"ஜெர்சி மேல மட்டும் கை வச்சிடாதே, இர்மெலி. இன்னிக்கு ஃபைனல்."

"எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் மனைவி.

ஐஸ் ஹாக்கி சீசனின் முதல் ஆட்டத்தில் தைஸ்தோவின் ஜெர்சியில் ஹாட் டாக்கிலிருந்து சொட்டிய கடுகு சாஸ், இன்னும் நெஞ்சில் மஞ்சளாக இருந்தது. ஜெயிக்கிற ஜெர்சியைத் துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடும். பின்லாந்தின் ஓலு நகரத்து ரசிகர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அன்று கூடுதல் நேரத்தில் விழுந்த கோலில் கோப்பை ஓலுவுக்கு வந்தது. தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பிய தைஸ்தோ, நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"பார்த்தியா? சீசன் பூரா தண்ணியே படாத ஜெர்சி."

இர்மெலி சிரித்தாள். "ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் நேரா சௌனாவுல நீராவிக் குளியலுக்குப் போயிடுவே. உடனே துவைச்சுப் போட்டுடுவேன். காய்ஞ்சதும் அதே இடத்துல கொஞ்சம் கடுகு சாஸ் தடவிடுவேன்."

தைஸ்தோ அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

"அடிப்பாவி, அதான் பிப்ரவரியில வரிசையா தோத்தோமா?"

"இல்லையே. அந்த மாசம்தான் வாஷிங் மெஷின் ரிப்பேர்."