மூன்றாவது சாவு

எலாதியோவின் அம்மாவை சிப்ரியானோ இதுவரை இரண்டு முறை கொன்றிருந்தார். மூன்றாவது சாவு மட்டும் அவர் கை படாமல் நடந்தது.

லெயோன் நகரத்து ஷூ தொழிற்சாலையில் அவர் மனிதவள அதிகாரி. ஞாயிறு குடித்துவிட்டுத் திங்கள் மட்டம் போடுவது அந்த ஊர் ஷூ தொழிலாளிகளின் பரம்பரை உரிமை. சம்பளத்தில் வெட்டு விழுமே என்று இரக்கப்பட்டு ‘வீட்டில் சாவு’ என்று எழுதிவைப்பது சிப்ரியானோவின் பலவீனம். ஏழு வருடத்தில் அவர் பேனா ஒரு சின்னக் கல்லறைத் தோட்டத்தையே நிரப்பியிருந்தது.

போன மாதம் விடுப்பைத் தீர்மானிக்க ஏ.ஐ. வந்தது. வந்ததும் பழைய பதிவேடுகளை ஒன்று விடாமல் படித்துவிட்டது.

இன்று திங்கள் காலை, தொழிலாளி எலாதியோ போன் செய்தான். தொண்டை கரகரத்தது.

“அம்மா போயிட்டாங்கண்ணே.”

“நிஜமாவா?”

“என்னண்ணே, வழக்கமா இப்படிக் கேக்க மாட்டீங்களே.”

சிப்ரியானோ வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில், அந்த அழைப்பைக் கேட்டிருந்த ஏ.ஐ. தீர்ப்பு எழுதியது: ‘தாயார் ஏற்கெனவே இருமுறை இறந்தவர். பொய்க் காரணம். பணிநீக்கம்.’

அவர் முதலாளியம்மா தோன்யா இர்மாவின் அறைக்கு ஓடினார்.

“அவன் மேல தப்பில்ல, தோன்யா. பழைய ரெண்டு சாவும் நான் எழுதினது. அந்த மெஷினுக்குப் பொய்யா ஊட்டி வளர்த்ததே நான்தான்.”

“அதுக்கு?”

“ஒருத்தன் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி, மனுஷன் ஒருத்தன் நேர்ல போய்ப் பாக்கணும். அவனுக்கு மூணு பிள்ளைங்க.”

இர்மா கண்ணாடியைக் கழற்றினாள். “சரி, நீயே போய்ப் பாரு. நிஜம்னா, இனிமே உன் கையெழுத்து இல்லாம மெஷின் யாரையும் வெளிய அனுப்பாது. பொய்னா, அவனோட நீயும் வீட்டுக்குப் போ.”

“சாவுல போய் யாராவது பொய் சொல்வாங்களா?” என்று கேட்டுவிட்டு, கேட்டது யார் என்று நினைத்து அவரே கூசினார்.

வெள்ளைப் பூக்களோடு எலாதியோ வீட்டுக் கதவைத் தட்டினார். வேலையும் மானமும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. கதவைத் திறந்த வயதான பெண்ணின் கையில், போதை தெளியக் குடிக்கிற குடல் சூப்பில் ஆவி பறந்தது.

“எலாதியோவோட அம்மாவை எங்கம்மா வெச்சிருக்கு?” பூக்களை நீட்டினார் அவர்.

அவள் பூவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நான்தாம்பா அது. திங்கக்கிழமைன்னா நான் சாவுறது வழக்கந்தானே.”